விரிசல் விழுந்த கார் முன்கண்ணாடி: ஒட்டினால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரியின் பின்னால் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிச் சென்றவர்கள் அந்த ஓசையை மறந்திருக்க மாட்டார்கள். டக்கென்று ஒரே ஒரு ஒலி. கண்ணாடியில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. வீடு வந்து வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு அருகில் சென்று பார்த்தால், அந்தப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தியின் கால்கள்போல மூன்று நான்கு மெல்லிய கோடுகள் ஓடியிருக்கும். அன்று மாலைக்குள் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லிவிடுவார்கள். பிசின் ஏற்றினால் போதும் என்பார் ஒருவர். ஒட்டின கண்ணாடி என்றைக்கும் நிற்காது என்பார் இன்னொருவர். இன்சூரன்ஸ் இருக்கும்போது கைக்காசு எதற்கு, மாற்றிவிடுங்கள் என்பார் சர்வீஸ் சென்டர் ஆலோசகர். சின்னதுதானே, பெரிதானால் பார்த்துக்கொள்ளலாம் என்பார் வீட்டுப் பெரியவர்.

இதே கேள்வியோடு என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு ஒட்டச் சொன்னேன், சிலருக்கு மாற்றச் சொன்னேன். விரிசல் இருந்த இடமும் காரின் வகையும் பாலிசியின் வயதும் ஒவ்வொருவருக்கும் வேறாக இருந்ததே காரணம். ஆயினும் என் பொதுவான நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டக்கூடிய நிலையில் இருக்கும் கண்ணாடியை ஒட்டித்தான் காப்பாற்ற வேண்டும். தொழிற்சாலையில் கண்ணாடியையும் காரின் உடலையும் இணைத்த அந்தப் பிணைப்பை ஒருமுறை வெட்டி எடுத்துவிட்டால், அதே தரத்தில் மறுபடி அமைவது பொருத்துபவரின் கையைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஆனால் ஒட்டக்கூடிய நிலை என்பது சில நாட்கள் மட்டுமே நீடிக்கும். நம் ஊர் வெயிலில் சில மணி நேரங்களிலேயே அது கைநழுவிப் போவதும் உண்டு.

## முடிவுக்கு முன், கல் பட்ட அன்றே செய்ய வேண்டியது

அடிபட்ட இடம் உலர்ந்திருக்கும்போதே அதன்மேல் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டிவிடுங்கள். தூசியும் நீரும் விரிசலுக்குள் இறங்கிவிட்டால் பின்னால் செலுத்தப்படும் பிசின் அந்த இடத்தை நிரப்ப முடியாது. நிரப்பினாலும் அழுக்குக் கோடு உள்ளேயே நிலைத்துவிடும். வண்டியைக் கழுவ வேண்டாம். வெயிலில் நின்ற காருக்குள் ஏறியவுடன் ஏசியின் குளிர்காற்றைக் கண்ணாடியை நோக்கித் திருப்ப வேண்டாம். வெளிப்புறம் கொதித்துக்கொண்டும் உட்புறம் குளிர்ந்துகொண்டும் இருக்கையில் எழும் இழுவிசை நேராக விரிசலின் நுனியைத்தான் சென்று சேரும். கொதிக்கும் கண்ணாடியில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுவதும் இதே தீங்கைச் செய்யும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், பெரம்பலூரைத் தாண்டி வரும்போது என் கார்க் கண்ணாடியின் இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு நட்சத்திரம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். மூன்றாம் நாள் மதியம், திறந்த வெளியில் நின்ற வண்டியை எடுத்து ஏசியை முழு வேகத்தில் வைத்துப் புறப்பட்டு, முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, அந்த நட்சத்திரத்திலிருந்து ஒரு கோடு கண்ணெதிரே சாண் நீளம் ஓடி ஓரத்தைத் தொட்டு நின்றது. ஒட்டுவதற்கு வாய்ப்பிருந்த கண்ணாடி அந்த நொடியில் மாற்றியே ஆகவேண்டிய கண்ணாடியாகிவிட்டது.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அன்று. ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, 0.76 மி.மீ. அளவிலான ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கியது அது. கல் பட்டால் பக்கவாட்டுக் கண்ணாடியைப்போல நொறுங்கிக் கொட்டாமல் நிற்பது இந்தப் படலத்தால்தான். கல் பொதுவாக வெளித்தகட்டை மட்டுமே உடைக்கிறது. ஒட்டுதல் என்பது அந்த வெளித்தகட்டின் காயத்தை நிரப்பும் வேலை மட்டுமே. இதைப் புரிந்துகொண்டால் கீழுள்ள அளவுகோல்கள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

முதலாவது, ஆழம். காருக்குள் அமர்ந்து, அடிபட்ட இடத்தின் உட்புறத்தை விரல் நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். நகம் எதிலாவது தடுக்கினால் உள்தகடும் உடைந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் ஒட்டும் பேச்சே வேண்டாம்.

இரண்டாவது, இடம். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக எடை தருகிறேன். கண்ணாடியின் விளிம்பில்தான் காரின் உடல் முறுக்கம் முழுவதும் வந்து சேர்கிறது. ஆகவே ஓரத்தைத் தொட்ட விரிசலும், ஓரத்திலிருந்து இரண்டு மூன்று விரற்கடைக்குள் தொடங்கிய விரிசலும், எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் மீண்டும் ஓடக்கூடியவை. அடுத்து ஓட்டுநரின் நேர்ப்பார்வை. பிரிட்டனின் ஆண்டுச் சோதனை விதி இதற்கு ஒரு தெளிவான எல்லை வகுத்திருக்கிறது: ஸ்டியரிங்கின் மையத்துக்கு நேராக 290 மி.மீ. அகலமுள்ள பட்டையில் 10 மி.மீ.க்கு மேற்பட்ட சேதமும், வைப்பர் துடைக்கும் மற்றப் பகுதியில் 40 மி.மீ.க்கு மேற்பட்ட சேதமும் இருந்தால் வண்டி தேறாது. நம் நாட்டில் ஓட்டுபவருக்கும் இதைப் பயனுள்ள அளவாகக் கொள்ளலாம். ஏனெனில் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் ஒரு மெல்லிய தழும்பு எஞ்சும். மாலைச் சூரியனை நோக்கி ஓட்டும்போதும் எதிரே வரும் பேருந்தின் விளக்கிலும் அந்தத் தழும்பு ஒளியைச் சிதறடிக்கும்.

மூன்றாவது, அளவும் வடிவும். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. அதை வைத்தால் முழுவதும் மறைந்துவிடுகிற புள்ளி, நட்சத்திரம், வட்டம், பிறை ஆகியவை பொதுவாக ஒட்டக்கூடியவை. நீண்ட கோடாக ஓடிய விரிசலையும் ஒட்டும் கருவிகள் உள்ளன. ஆனால் கோடு நீள நீள அதன் நுனிவரை பிசினைக் கொண்டுசேர்ப்பது கடினமாகிறது. உங்கள் சுண்டுவிரல் நீளத்தைத் தாண்டிய கோட்டை ஒட்டித் தருகிறேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவர் முன்பு ஒட்டிய கண்ணாடி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது, கண்ணாடியோடு இணைந்த கருவிகள். பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக்கண்ணாடிக்குப் பின்னால், முன்புறச் சாலையைக் கவனிக்கும் கேமரா உங்கள் காரில் உள்ளதா, மழை உணரி உள்ளதா என்று பாருங்கள். ஐந்தாவதுதான் பணம். பெரும்பாலோர் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். ஆனால் முந்தைய நான்கும் முடிவு சொல்லாத இடத்தில் மட்டுமே பணத்துக்கு வேலை.

## வாய்ப்பு ஒன்று: பிசின் செலுத்தி ஒட்டுதல்

விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் காற்று. கண்ணாடியும் காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் அந்த எல்லையில் ஒளி திரும்பி, வெள்ளியாகவோ கறுப்பாகவோ தோன்றுகிறது. ஏறக்குறையக் கண்ணாடியைப்போலவே ஒளியை வளைக்கும் ஒரு பிசினைக் காற்றுக்குப் பதிலாக நிரப்பிவிட்டால் கோடு மறைகிறது. விரிசலின் நுனியில் குவிந்த இழுவிசையும் பரவிவிடுவதால் அது மேலும் ஓடாமல் நிற்கிறது.

நல்ல கைவேலைக்காரர் ஒருவர் இதைச் செய்வதை ஒருமுறை முழுவதும் நின்று பார்த்தேன். ஊசி முனையால் பள்ளத்திலிருந்த கண்ணாடித் துகள்களைக் கிளறி எடுத்தார். உறிஞ்சுகிண்ணத்தால் கண்ணாடியில் பற்றி நிற்கும் ஒரு சிறிய தாங்கியைப் பொருத்தி, அதன் குழாயைப் பள்ளத்தின் வாயில் அழுத்தி, முதலில் காற்றை உறிஞ்சியெடுத்தார்; பிறகு பிசினை அழுத்திச் செலுத்தினார்; மறுபடி உறிஞ்சினார்; மறுபடி செலுத்தினார். காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நட்சத்திரத்தின் கறுத்த கால்கள் நடுவிலிருந்து நுனி நோக்கி ஒவ்வொன்றாக நிறமிழந்து மறைவது தெளிவாகத் தெரிந்தது. ஒரு கால் மட்டும் பாதியில் நின்றது. அவர் அவசரப்படாமல், கண்ணாடியின் உட்புறத்தில் விரலால் மெல்லத் தட்டி, இன்னும் சில நிமிடங்கள் காத்திருந்தார், அதுவும் மறைந்தது. பிறகு புறஊதா விளக்கை வைத்துப் பிசினை இறுகச் செய்து, மேற்பள்ளத்தைக் கெட்டியான பிசினால் நிரப்பி, பிளேடால் சமமாகச் சுரண்டி மெருகேற்றினார். அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. எஞ்சியது ஓர் எள்ளளவு மங்கல்.

இந்த வேலையை வெயிலில் நிறுத்திச் செய்யக் கூடாது. சூரிய ஒளியிலும் புறஊதாக் கதிர் உண்டு; பிசின் விரிசலின் நுனியை அடைவதற்குள் பாதியிலேயே இறுகிவிடும். கொதிக்கும் கண்ணாடியில் செய்தால், வேலையின் நடுவிலேயே விரிசல் ஓடிவிடவும் கூடும். இணையத்தில் விற்கும் வீட்டு ஒட்டுத்தொகுப்புகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். முறைப்படி நிழலில், காலை வேளையில் செய்தால் சிறு புள்ளிக்கு அவை பயன்படும். ஆனால் ஒருமுறை அரைகுறையாக நிரம்பி இறுகிய விரிசலைப் பிறகு தேர்ந்த கையாலும் சரிசெய்ய இயலாது.

மறைந்திருக்கும் செலவுகள். ஒட்டும்போது விரிசல் ஓடிவிட்டால் பொறுப்பு கடைக்காரருடையதா உங்களுடையதா என்பதை வேலை தொடங்குமுன் பேசிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது உரிமையாளர் தலையிலேயே விழும். பிற்பாடு மாற்ற நேர்ந்தால், ஒட்டக் கொடுத்த தொகை திரும்பாது. கேமராவின் பார்வைப் பரப்பில் ஒட்டிய தழும்பு, மனிதக் கண்ணுக்குப் பொருட்டாக இல்லாவிட்டாலும் கேமராவுக்கு இடையூறாகலாம்.

எப்போது இதுவே சிறந்தது. உள்தகடு நலமாக இருந்து, சேதம் பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கி, ஓரத்திலிருந்தும் ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலிருந்தும் விலகியிருந்து, அடிபட்டுச் சில நாட்களுக்குள் கடைக்குப் போக முடிந்தால், வேறு யோசனை வேண்டியதில்லை. விலையுயர்ந்த கண்ணாடியும் கேமராவும் உள்ள புதிய கார்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அங்கே ஒட்டுவதற்கும் மாற்றுவதற்கும் உள்ள செலவு இடைவெளி மிகப் பெரிது.

## வாய்ப்பு இரண்டு: கண்ணாடியை மாற்றுதல்

அம்பாசிடர் காலத்தில் முன்கண்ணாடி ரப்பர் பீடிங்குக்குள் அமர்ந்திருந்தது. கழற்றி மாட்டுவது தெருவோர மெக்கானிக்கும் செய்யக்கூடிய வேலை. இன்றைய கார்களில் கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் காரின் உடலோடு ஒட்டப்பட்டு, உடற்கட்டின் ஓர் உறுப்பாகவே செயல்படுகிறது. வண்டி கவிழும்போது கூரை அமுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. பல கார்களில் முன்பயணியின் ஏர்பேக் மேல்நோக்கி விரிந்து, கண்ணாடியில் முட்டித் திரும்பித்தான் பயணியின் முன்னால் நிற்கிறது; பசை பிடிக்காத கண்ணாடி அந்த நேரத்தில் வெளியே பிதுங்கிவிட்டால் ஏர்பேக் இருந்தும் பயனில்லை. ஆகவே மாற்றும் வேலையின் தரம் என்பது பெரும்பாலும் பசை வேலையின் தரமே.

பழைய கண்ணாடியைக் கம்பியாலோ கத்தியாலோ அறுத்தெடுக்கும்போது, கண்ணாடி அமரும் தகட்டு விளிம்பில் பெயின்ட் கீறப்படும். அங்கே பிரைமர் பூசாமல் பசையை இட்டால், ஓரிரு ஆண்டுகளில் உள்ளுக்குள் துருவேறி, மழைநீர் கசியும். பாலியூரித்தேனுக்குப் பதிலாகக் கைவசமிருக்கும் சிலிக்கானை இட்டு முடிக்கும் கடைகளும் உண்டு. முன்பு சொன்ன என் கண்ணாடியை, விலை குறைவு என்பதற்காக அப்படியொரு கடையில் மாற்றினேன். அந்த நவம்பர் மழையில் இடப்பக்கக் கால்மிதி நனைந்திருந்தது. ஏசியின் நீர் என்று எண்ணி இரண்டு வாரம் துடைத்துக்கொண்டிருந்தேன். டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஃபியூஸ் பெட்டியின் முனைகளில் பச்சை பூத்த பிறகுதான் கண்ணாடியின் மூலையிலிருந்து நீர் இறங்குவது புலப்பட்டது. மிச்சப்படுத்திய தொகையைப்போல இருமடங்கு அந்த வயரிங் வேலைக்குப் போயிற்று.

எந்தக் கண்ணாடி என்பது அடுத்த கேள்வி. ஷோரூமில் கார் நிறுவனத்தின் முத்திரையோடு கிடைப்பது ஒன்று. அசாஹி இந்தியா, செயின்ட்-கோபைன் செக்யூரிட் போன்ற, கார் நிறுவனங்களுக்கே கண்ணாடி வழங்கும் உற்பத்தியாளர்கள் தங்கள் சொந்த முத்திரையோடு வெளிச்சந்தையில் விற்பது இரண்டாவது. பெயர் தெரியாத முத்திரையோடு மலிவாக வருவது மூன்றாவது. கேமராவோ உணரியோ இல்லாத காருக்கு இரண்டாவது வகை எனக்கு முழு நிறைவு தருகிறது. மூன்றாவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கண்ணாடியின் கீழ் மூலையில் ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தரக் குறி இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய கண்ணாடி கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன பழைய மாடல்களுக்கு அது ஒன்றே வழியாகவும் இருக்கலாம். ஆனால் பசையால் ஒட்டிய கண்ணாடியை முழுதாக அறுத்தெடுக்கும்போது ஓரத்தில் நுண்விரிசல் விழ வாய்ப்புண்டு என்பதால், விளிம்பு முழுவதையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்த பின்பே வாங்குங்கள். கூலிங் கண்ணாடி என்று அடர்நிறத்தில் எதையும் பொருத்திக்கொள்ள வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள். இவைதான் கடைக்காரர் சொல்லும் விலையில் அடங்காமல் பிறகு ஒவ்வொன்றாக வந்து நிற்பவை.

- ஃபாஸ்டேக் ஒட்டியை உரித்து மறுபடி ஒட்ட முடியாது. பழைய கண்ணாடியோடு அது போய்விடும். ஒட்டியை வழங்கிய வங்கியிடமே மாற்று ஒட்டி கேட்க வேண்டும். அது வரும்வரை சுங்கச்சாவடி வழியாகப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.
- 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளில், உயர் பாதுகாப்பு எண்பலகையின் ஒரு பகுதியாகக் கண்ணாடியில் ஒட்டப்படும் ஹாலோகிராம் ஒட்டியும் கிழிந்துவிடும். டீலர் வழியாகப் புதியது பெற வேண்டும்.
- பக்கவாட்டு மோல்டிங், கிளிப்புகள், வைப்பருக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடி ஆகியவை கழற்றும்போது உடைவது சாதாரணம்.
- பழைய வைப்பர் பிளேடில் சிக்கியிருக்கும் மணல் புதிய கண்ணாடியில் முதல் மழையிலேயே வட்டக்கோடு போட்டுவிடும். கண்ணாடியோடு சேர்த்துப் பிளேடையும் மாற்றிவிடுங்கள்.
- கேமரா உள்ள கார்களில், கண்ணாடி மாறிய பின் கேமராவின் நோக்குத்திசையைத் திரும்ப அளவிட்டுச் சரிசெய்ய வேண்டும். தானாக பிரேக் பிடிக்கும் வசதியும் தடம் மாறாமல் காக்கும் வசதியும் இந்தக் கேமராவை நம்பியே இயங்குகின்றன. இதற்குத் தனிக் கருவியும் தனிக் கட்டணமும் உண்டு. வெளிக்கடையில் கண்ணாடியை மாற்றிவிட்டு இதற்கென்று மறுபடி ஷோரூமுக்குப் போக நேர்வதும் உண்டு.
- பசை இறுகும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. எவ்வளவு நேரம் என்பது பசையின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். அதைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். முதல் நாள் பக்கக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைத்திருப்பது நல்லது. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று இளம் பசையைத் தள்ளும்.

எப்போது இதுவே சிறந்தது. உள்தகடு உடைந்திருந்தாலும், விரிசல் ஓரத்தைத் தொட்டிருந்தாலும், ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலோ கேமராவின் முன்னோ இருந்தாலும், அழுக்கும் நீரும் இறங்கி நாளாகிவிட்டிருந்தாலும் தயங்காமல் மாற்றிவிடுங்கள். வைப்பர் ஓடியோடி முழுவதும் நுண்கீறல் விழுந்து, இரவில் எதிர் விளக்கொளியில் பனிமூட்டம்போல் தெரியும் பழைய கண்ணாடிக்கும் இது பொருந்தும். அந்தக் கண்ணாடியில் ஒரு புள்ளியை ஒட்டுவதற்குச் செலவழிப்பது வீண்.

## வாய்ப்பு மூன்று: அப்படியே விட்டுவிடுதல்

நடைமுறையில் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படுவது இதுதான். வெளித்தகட்டின் மேற்பரப்பில் மட்டும் சிறிது பெயர்ந்து, கால் எதுவும் ஓடாமல், நகத்துக்கு மட்டும் தட்டுப்படுகிற ஊசிமுனைப் பள்ளமாக இருந்தால் விட்டுவிடலாம்; ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்பவை உண்டு. ஒரு கோடேனும் கிளம்பியிருந்தால் விடக் கூடாது.

## மூன்றையும் அருகருகே வைத்தால்

| அளவுகோல் | ஒட்டுதல் | மாற்றுதல் | அப்படியே விடுதல் |
|---|---|---|---|
| சேதத்தின் ஆழம் | வெளித்தகடு மட்டும் | எதுவாயினும் | மேற்பரப்புப் பள்ளம் மட்டும் |
| இடம் | ஓரம், நேர்ப்பார்வை, கேமரா முன்பகுதி ஆகியவை நீங்கலாக | எங்கும் | நேர்ப்பார்வைக்கு வெளியே |
| அளவு | 27 மி.மீ.க்குள் | எதுவாயினும் | ஊசிமுனை |
| ஆகும் நேரம் | ஒரு மணிக்குள் | அரைநாள் முதல் ஒரு நாள். கேமரா இருந்தால் கூடலாம் | இல்லை |
| பார்வைத் தெளிவு | சிறு தழும்பு எஞ்சும் | புதிதுபோல், கண்ணாடி தரமானதாயின் | மாறாது |
| தொழிற்சாலைப் பிணைப்பு | காக்கப்படும் | போய்விடும் | காக்கப்படும் |
| ஃபாஸ்டேக், ஹாலோகிராம் | இருந்தபடியே | புதிதாகப் பெற வேண்டும் | இருந்தபடியே |
| பெரிய அபாயம் | ஒட்டும்போதே ஓடுவது | கசிவு, பசைக் குறை | ஒரே வெயிலில் மாற்றும் நிலைக்குப் போவது |

## இன்சூரன்ஸில் எடுப்பதா, கையிலிருந்து கொடுப்பதா

மாற்றுவது என்று முடிவான பிறகு வரும் இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் இழக்கிறார்கள். முதலில் உங்களிடம் சொந்தச் சேதக் காப்பு, அதாவது உங்கள் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான காப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு, பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்பு மூன்றாண்டுக்குக் கட்டாயம் என்பதால், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் காப்பு இருப்பதாக நம்புபவர்களைப் பார்க்கிறேன். மூன்றாம் தரப்புக் காப்பில் உங்கள் கண்ணாடிக்கு ஒரு ரூபாயும் வராது.

சொந்தச் சேதக் காப்பு இருந்தால், ஒரு நல்ல செய்தி: கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பை எடுக்காதவருக்கும் கண்ணாடியின் விலை முழுவதும் கணக்கில் வரும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத்தான் 50 விழுக்காடு கழிப்பார்கள். பசை போன்ற நுகர்பொருள்களுக்குத் தனிக் காப்பு இல்லையென்றால் அவை உங்கள் செலவு. இவை தவிர, உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவாக 1500 சி.சி. வரை ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000 பிடிக்கப்படும்.

பில்லில் தெரியாத பெரிய செலவு நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் எடுக்காத ஆண்டுகளுக்காகச் சொந்தச் சேத பிரீமியத்தில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஐந்து ஆண்டுகளில் ஏறுகிறது. ஒரு கிளெய்ம் எடுத்தால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகி, அடியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். ஆகவே இழப்பு ஓராண்டோடு முடிவதில்லை. இப்போது 50 விழுக்காட்டில் இருப்பவர் கிளெய்ம் எடுத்தால், அடுத்தடுத்த ஐந்து புதுப்பிப்புகளில் 50, 30, 25, 15, 5 விழுக்காடு வீதம் இழக்கிறார், கூட்டினால் 125. எல்லா நிலைகளுக்கும் இப்படிக் கணக்கிட்டு வைத்திருக்கிறேன்:

| நடப்பு பாலிசியில் உங்கள் தள்ளுபடி | ஒரு கிளெய்மால் மொத்த இழப்பு, ஓராண்டு சொந்தச் சேத பிரீமியத்தில் |
|---|---|
| 0% | 50% |
| 20% | 80% |
| 25% | 105% |
| 35% | 120% |
| 45% அல்லது 50% | 125% |

தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியத்தை வைத்து இதைக் கணக்கிட வேண்டும். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். வண்டியின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். தள்ளுபடிக்கு முந்தைய உங்கள் சொந்தச் சேத பிரீமியம் ரூ.8,000, தள்ளுபடி 50 விழுக்காடு, கண்ணாடி மாற்றக் கடைக்காரர் கேட்பது ரூ.9,000 என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் எடுத்தால் ரூ.1,000 கழிந்து ரூ.8,000 கிடைக்கும், ஐந்தாண்டுகளில் இழப்பது ரூ.10,000, ஜிஎஸ்டியோடு ரூ.11,800. கையிலிருந்து கொடுப்பதே மேல். கேமரா உள்ள பெரிய காரில் எல்லாம் சேர்த்து ரூ.45,000, பிரீமியம் ரூ.20,000, தள்ளுபடி அதே 50 என்று கொண்டால், இழப்பு ரூ.29,500, கழிவு போகக் கிடைப்பது ரூ.43,000. அங்கே கிளெய்ம் எடுப்பதே அறிவுடைமை.

இரண்டு சூழல்களில் இந்தக் கணக்கு தலைகீழாகும். போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால் தள்ளுபடி போகாது. அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுக்கலாம். அதே பாலிசி ஆண்டில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் எடுத்திருந்தால் இழப்பதற்குத் தள்ளுபடி எதுவும் மிச்சமில்லை. கண்ணாடியையும் தயங்காமல் எடுங்கள். ஆனால் பழைய பம்பர் கீறலையும் கண்ணாடியையும் ஒரே விபத்தாக எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இணங்காதீர்கள். அது பொய் அறிக்கை, மொத்தக் கிளெய்மும் மறுக்கப்பட இடம் தரும். எதுவாயினும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, சேதத்தை மதிப்பிடும் அதன் சர்வேயர் நேரிலோ படத்திலோ பார்க்கும் முன் உடைந்த கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள்.

## வண்டியை எடுத்துவரும் முன்

மாற்றிய கண்ணாடியின் முத்திரையும் பசையின் பெயரும் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும்; கசிவுக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதும் அதிலேயே வரட்டும். பசை இறுக வேண்டிய நேரம் கழிந்த பின் குழாய் நீரை மெல்லிய வீச்சில் கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் விடச் சொல்லி, உள்ளே அமர்ந்து கூரைத்துணியின் ஓரத்தையும் கால்மிதிக்கு மேலுள்ள பகுதியையும் கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சற்றுத் தொலைவில் நிற்கும் ஒரு மின்கம்பத்தைக் கண்ணாடி வழியே நோக்கியபடி தலையை இடமும் வலமுமாக மெதுவாக அசையுங்கள். கம்பம் நேராகவே நின்றால் வண்டியை எடுத்துவாருங்கள். அது நீரில் தெரியும் நிழல்போல நெளிந்தால் கண்ணாடியின் வார்ப்பில் குறை இருக்கிறது; அங்கேயே, அப்போதே, வேறு கண்ணாடி போடச் சொல்லுங்கள்.